ஒன்பதாவது பொருத்தம்

தம்பி, உங்க போன்ல மணி என்ன காட்டுது? பன்னிரண்டே முக்காலா? என் வாட்ச்சுலயும் அதுதான். சும்மா கேட்டேன், ஒத்துப் பாக்குறது பழக்கம். இன்னைக்கு வியாழக்கிழமை இல்லையா, ஒன்றரைக்கு ராகு காலம். ஒன்றரைக்கு நான் ஏரோப்ளேன்ல ஏறிருவேன்.

பயந்துராதீக. போனைச் சொல்றேன். இந்தா, மேல இருந்து கீழ இழுத்தா ஒரு ஏரோப்ளேன் படம் வருதுல்ல, அதை ஒரு அமுக்கு. எந்த போனும் வராது, இங்க இருந்தும் போகாது. ராகு காலம் முடிஞ்சதும் இறங்கிருவேன். நிஜ ஏரோப்ளேன்ல இதுவரைக்கும் கால் வச்சதில்ல, ஆனா தினமும் ஒன்றரை மணி நேரம் பறக்குறேன்.

எடுத்துக்கோங்க, கடலைமிட்டாய். கோவில்பட்டிச் சரக்கு. மகளுக்குக் கொண்டு போறேன். வைகாசியில கல்யாணம் ஆச்சு, மதுரையில இருக்கா. ஆடிக்கு அழைச்சுட்டு வரப் போறேன். அவ அம்மா பை நிறையக் கட்டிக் குடுத்திருக்கா, ஒரு பாக்கெட்டைப் பிரிச்சா ஒண்ணும் குறைஞ்சுராது. நீங்க எங்க இறங்கணும்? திருமங்கலமா? அப்ப நேரம் இருக்கு.

என் பேரு வெயிலுமுத்து. வெறும் வெயிலுமுத்துன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, டைம் கீப்பர் வெயிலுமுத்துன்னு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல கேளுங்க. இப்ப ரிட்டயர்டு. ஒரு காலத்துல நான் கையெழுத்துப் போடாம ஒரு வண்டி நகராது. திங்கக்கிழமை காலையில ஏழரைக்கு ராகு காலம். அதே ஏழரைக்கு ஒரு திருச்செந்தூர் வண்டி. எவன் போட்டானோ அந்த அட்டவணையை! நான் என்ன செய்வேன், ரெண்டு நிமிஷம் முன்னாடியே விசில் அடிச்சு அனுப்பிருவேன். ஆளுக பையைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே ஓடி வரும், என்னை ஏசும். ஏசட்டுமே. அந்த வண்டி ஒரு நாளாவது எங்கயாவது முட்டியிருக்கா? அதை ஓட்டின கதிரேசன் சொல்வான், 'அண்ணாச்சி, முட்டாததுக்குக் காரணம் நான் பிரேக் பிடிக்கிறது'ன்னு. அவனுக்கு என்ன தெரியும். நேரம் கெட்டுப் போச்சுன்னா ஒட்டகத்து மேல உக்காந்திருந்தாலும் நாய் கடிக்கும் தம்பி.

எனக்கு ஒரே மக, ரூபகலா. எம்.காம். படிச்சுட்டு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாத்தா. கெட்டிக்காரி. என்னை மாதிரி. இருபத்தேழு வயசாயிருச்சு, ஒரு வரனும் அமையல. ஏன் அமையலன்னு நீங்க கேக்கலாம். ஊரே கேட்டுச்சே! வருவாக, பாப்பாக, பிடிச்சிருக்குன்னு சொல்லுவாக, அப்புறம் ஆள் இருக்காது. ஒரு பையன் பொண்ணுகூடத் தனியா ரெண்டு வார்த்தை பேசணும்னான். சரி, காலம் மாறிப் போச்சு, பேசட்டும்னு விட்டேன். பேசிட்டு வெளிய வந்தான், ஒரு செம்பு தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சான், கும்பிட்டான், போயே போயிட்டான். எனக்கு ராத்திரியில தூக்கம் கிடையாது தம்பி. பெத்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். நான் கண்ணை மூடுறதுக்குள்ள இவளுக்கு ஒரு நல்லது நடந்துராதான்னு கிடந்து தவிப்பேன்.

அப்புறம் ஒரு நாள் உக்காந்து யோசிச்சேன். பிடிபட்டுருச்சு. அத்தனை வரனும் தரகர் போன்ல சொன்னது, அத்தனை போனும் ராகு காலத்துல வந்தது! நல்ல காரியத்தோட முதல் வார்த்தை ராகு காலத்துல காதுல விழுந்தா அது எப்படி உருப்படும்? மகளைக் கூப்பிட்டு, ஏம்மா, ராகு காலத்துல மட்டும் போன் அடிக்காம இருக்க ஏதாவது வழி இருக்கான்னு கேட்டேன். அவதான் இந்த ஏரோப்ளேனைச் சொல்லிக் குடுத்தா. என் சம்சாரம் சீனியம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்குப் பல்லு வலி. அடிக்கடி வரும்.

தீபாவளிக்கு மக ஒரு புது போன் வாங்கித் தந்தா. இதுதான். வாங்கித் தரும்போதே சிம்முக்கு ஒரு பூட்டுப் போட்டா. 'அப்பா, போன் தொலைஞ்சு போனா எவனாவது சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டு உங்க பென்ஷன் பணத்தை எடுத்துருவான். நாலு எண் போட்டாத்தான் திறக்கும்'னா. எவ்வளவு முன்யோசனை பாத்தீகளா? போனை அணைச்சு அணைச்சு எரிய விடுற பழக்கம் நமக்குக் கிடையாது. அதனால எப்பவாவது ஒரு தடவைதான் அந்த எண் தேவைப்படும்னு நினைச்சோம்.

ஆனா நடந்தது வேற. பழைய போன்ல ராகு காலம் முடிஞ்சு ஏரோப்ளேனை அணைச்சா டவர் கோடு தன்னால வந்துரும். இந்தப் புது போன்ல அணைச்ச உடனே எண்ணைக் கொண்டா எண்ணைக் கொண்டான்னு கேட்டு நிக்குது. போடலைன்னா டவர் கிடையாது. சாயங்காலம் மக வந்ததும் சொன்னேன். அவளும் அசந்து போயிட்டா. 'அப்படியாப்பா? ஏரோப்ளேன் அணைச்சாலே கேக்குதா?'ன்னா. அவ போன்ல போட்டுப் பாத்தா, கேக்கல. என் போன்ல போட்டு, அணைச்சு, மறுபடி போட்டு, அணைச்சு... ஆபீஸ் உடுப்பைக்கூட மாத்தாம ஆராய்ச்சி. கடைசியில ஒரு சிரிப்புச் சிரிச்சா பாருங்க. சின்னப்பிள்ளையில பரிட்சையில முதல் மார்க்கு வாங்கிட்டு வந்தா அப்படித்தான் சிரிப்பா.

'நீங்க எதையும் அமுக்கிறாதீங்கப்பா. மூணு தடவை தப்பாப் போட்டா சிம்மே செத்துப் போயிரும். கேட்டா கேக்கட்டும், ஓரமா தள்ளி விட்டுருங்க. நான் வந்து போட்டுக்கிறேன்'னா. அதே மாதிரி தினமும் வேலை முடிஞ்சு வந்து, கை கால் கழுவி, முதல் காரியமா என் போனை வாங்கிப் போட்டுக் குடுப்பா. போட்டதும் நாலஞ்சு மெசேஜ் வந்து விழும். லோன், லாட்டரி, எவன் எவன் எப்பக் கூப்பிட்டான்ங்கிறது, அந்தக் குப்பையெல்லாம் அவளே பாத்து அழிச்சுட்டுத்தான் என் கையில தருவா. இந்தக் காலத்துல அப்பன் போனைத் துடைச்சுக் குடுக்குற பிள்ளை யாருக்கு வாய்க்கும்?

அந்த நேரத்துலதான் சாத்தூர் வரன் வந்துச்சு. குருசாமின்னு, மிளகாய் வத்தல் கமிஷன் கடை. பையன் கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல இன்ஜினியர். தரகர் சரியா ராகு காலம் கழிச்சு நேர்ல வந்து சொன்னாரு, எனக்கு அப்பவே திருப்தி. பொண்ணு பாக்க வந்தாக. குருசாமி ஒரு பழங்காலத்து ஆளு, பட்டன் போன்தான் வச்சிருக்காரு. வாட்ஸ்அப்புல நல்ல காரியம் பேசுறது மரியாதை இல்லைம்பாரு. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டாக, பொண்ணு முகத்துல களை இருக்குன்னாக, வீட்டுல கலந்து பேசிட்டு ஒரு வாரத்துல நானே போன்ல சொல்றேன்னாரு. அவுக போன பிறகு பாத்தா, மக பின்வாசப்படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. பிரிஞ்சு போகணுமேங்கிற ஏக்கம். பொண்ணா பிறந்தா அது இருக்கத்தானே செய்யும். எனக்கும் கண் கலங்கிருச்சு. சீனியம்மாதான் அவ முதுகைத் தடவிக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. நீங்க உள்ள போங்கன்னா.

அந்த வாரம் பூரா காத்திருந்தேன். போனைக் கையிலயே வச்சிருந்தேன், குளிக்கப் போனாக்கூட பக்கத்துல சோப்பு டப்பா மேல வச்சிருப்பேன். ஒரு போன் இல்ல. நாமளா கூப்பிடலாம்ங்கிறீகளா? அதெப்படி? பொண்ணு வீட்டுக்காரன் முதல்ல கூப்பிட்டா, தள்ளி விடப் பாக்குறான், பொண்ணுக்கு என்ன குறையோன்னு நினைப்பாக. எவ்வளவு ஆசை இருந்தாலும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கணும். அதுவும் பாருங்க, அந்த வாரம் பாத்து மகளுக்கு ஆபீஸ்ல ஆடிட்டிங்கு. பாவம், வந்து விழுந்து படுத்துருவா. எண்ணைப் போட்டுக் குடும்மான்னா, 'நாளைக்குப் போடுறேன்ப்பா'ம்பா. மறுநாளும் நாளைக்குப் போடுறேன்ப்பா. வேலை செஞ்சு களைச்ச பிள்ளையை எத்தனை தடவை கேக்குறது?

போன் வேலை செய்யலையோன்னு சந்தேகப்படாதீக. நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுல வைஃபை இருக்குல்ல, காலையில எந்திரிச்சா ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் வருது, முருகன் படம் வருது, பேரப்பிள்ளை ஆடுற வீடியோ வருது, யாரு பேரனோ. இத்தனை வர்ற போன்ல குருசாமி போன் மட்டும் வரலைன்னா என்ன அர்த்தம்? கூப்பிடலைன்னுதானே அர்த்தம்? இன்னொண்ணும் சொல்றேன். தினமும் லோன் வேணுமா சார்னு ஒரு பொண்ணு கூப்பிடும், அதுகூட அந்த வாரம் கூப்பிடல. அப்படி ஒரு அமைதி. ராகு காலத்தை ஒழுங்காக் கடைப்பிடிச்சா தொந்தரவெல்லாம் விலகிரும்னு சீனியம்மாகிட்ட சொன்னேன். மறுபடி அவளுக்குப் பல்லு வலி.

சீனியம்மா போனுக்கு ஏன் கூப்பிடலையா? அவளுக்கு எதுக்குத் தம்பி போனு? நான் ஒருத்தன் வீட்டுல இருக்கேன்ல.

இந்தா, பேசிக்கிட்டே சாத்தூர் வந்துருச்சு பாத்தீகளா. அந்தாள் ஊரு. நான் இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன், வண்டி தாண்டினதும் சொல்லுங்க. தாண்டிருச்சா? சரி.

ஒரு வாரம் கழிச்சு ஒரு கல்யாண மண்டபத்துல அந்தாளைப் பாத்தேன். பந்தியில எனக்கு எதிர் வரிசை. கண்டும் காணாம இருந்துட்டுப் போயிருப்பேன், அவரே வந்து, 'என்னங்க வெயிலுமுத்து, இஷ்டம் இல்லைன்னா நேர்ல சொல்ல வேண்டியதுதானே, இப்படிப் போனை அணைச்சு வச்சுக்கிட்டு அவமானப்படுத்தணுமா?'ன்னாரு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. யாரு அணைச்சது? இந்தா என் கையில இருக்கு பாரும்யான்னேன். 'தினமும் காலையிலயும் சாயங்காலமும் கூப்பிடுறேன். தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்காருன்னு ஒரு பொம்பளைதான் பேசுறா'ங்கிறாரு. எப்படி இருக்கும் எனக்கு? எல்லைக்கு வெளிய இருக்கேனாம்! நான் வீட்டு வாசலைத் தாண்டல தம்பி அந்த வாரம் பூரா! 'அப்ப அந்தப் பொம்பளைகிட்டயே சம்பந்தம் பேசிக்கிரும்'னுட்டேன். பந்தியே சிரிச்சுருச்சு. அந்தாள் பாயசத்தைக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாரு.

பொய் தம்பி, பச்சைப் பொய். கூப்பிடாதவன் கூப்பிட்டேன்கிறான். அத்தனை வருஷம் டைம் கீப்பரா இருந்தவன்கிட்ட! வண்டி ஏன் லேட்டுன்னா டயர் பஞ்சர்னு எத்தனை டிரைவர் கதை விட்டிருப்பான், எனக்குத் தெரியாத பொய்யா?

வீட்டுக்கு வந்து மககிட்ட சொன்னேன். அந்தச் சம்பந்தம் முறிஞ்சு போச்சும்மா, மனசை விட்டுறாதேன்னேன். ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா. பெரிய பிள்ளையான பிறகு அவ அப்படிக் கட்டிப் பிடிச்சதே இல்ல. அவளுக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருந்தா அப்படிச் செய்வா, சொல்லுங்க. அன்னைக்கே ஆடிட்டிங்கும் முடிஞ்சு போச்சு. குடுங்கப்பா போனைன்னு பக்கத்துலயே உக்காந்து எண்ணைப் போட்டா. அப்பத்தான் முதல் தடவையா அது என்ன எண்ணுன்னு கண்ணுல பட்டுச்சு. ரெண்டு, மூணு, ஒண்ணு, ஒண்ணு.

இருபத்திமூணு பதினொண்ணு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. நான் சொன்னேன்ல, திங்கக்கிழமைத் திருச்செந்தூர் வண்டி, அதோட நம்பர் தம்பி அது! சின்ன வயசுல லீவுக்கு அந்த வண்டியிலதான் அவளைப் பாட்டி வீட்டுக்கு ஏத்தி விடுவேன். அதை ஞாபகம் வச்சு அப்பன் போனுக்குப் போட்டிருக்கு பாருங்க. ஏம்மா இந்த எண்ணைப் போட்டேன்னு கேட்டேன். திடுக்குன்னு நிமிந்து பாத்தா. முகமெல்லாம் சிவந்துருச்சு. நம்ம திருச்செந்தூர் வண்டிதானேம்மான்னேன். போனை ஒரு தடவை துடைச்சா. அப்புறம், 'ஆமாப்பா'ன்னா. பாசத்தை வெளிய காட்டிக்க மாட்டா, என்னை மாதிரி.

கதை இன்னும் முடியல. அடுத்த மாசமே ஒரு வரன் தானா வீடு தேடி வந்துச்சு. தரகர் இல்ல, ஒண்ணும் இல்ல. நவநீதன்னு ஒரு பையன். முன்னாடி மக ஆபீஸ்லதான் வேலை பாத்தானாம், இப்ப மதுரையில. அவ அதிகமாப் பேசினது கிடையாதாம், ஏதோ முகம் தெரியுமாம். அவுக அப்பா அம்மா பழத்தட்டோட வந்தாக. வந்த உடனே அந்தம்மா சீனியம்மாவைப் பாத்து, 'பல்லு வலி எப்படி இருக்கு அக்கா?'ன்னு கேட்டாக பாருங்க. அந்த அன்னியோன்னியம் எல்லாருக்கும் வருமா? நான் கொஞ்சம் முறுக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். நம்ம பிரிவுல சேர்த்தியா, கிளை என்ன, எல்லாம் விசாரிக்கணும்ல? ஆனா ஒண்ணைக் கவனிச்சேன். அவுக எப்பக் கூப்பிட்டாலும் என் போன் உடனே அடிக்கும். மக காலையில ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வீட்டுக்கு ஓடி வந்து ஒரு தடவை, எண்ணைப் போட்டுப் போட்டு வச்சா. ஆபீஸ்ல அப்ப வேலை குறைவு.

ஜாதகத்தை எடுத்துக்கிட்டு ஜோசியர்கிட்ட போனேன். பத்துக்கு எட்டு பொருந்துதுன்னாரு. எட்டு நல்லதுதான், ஆனா என் மனசு நிக்கல. ஏற்கனவே சூடு கண்டவன்ல? பையன் பிறந்த தேதியை ஒருக்கா வாசிங்கன்னேன். நவம்பர் இருபத்திமூணுன்னாரு. நான் அப்படியே எந்திரிச்சு நின்னுட்டேன். இருபத்திமூணு, பதினொண்ணு! 'ஜோசியரே, ஒன்பதாவது பொருத்தம் என் போன்ல இருக்கு!'ன்னேன். அந்த மனுஷனுக்கு ஒண்ணும் விளங்கல. விளக்கிச் சொன்னேன். மாப்பிள்ளை யாருன்னே தெரியாத காலத்துல எம் பொண்ணு கையால கடவுள் போட வச்ச எண்ணு ஐயா இதுன்னு. அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் தட்சிணையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, 'கல்யாணத்தை முடிச்சுருங்க, தாமதிக்காதீங்க'ன்னாரு. பிரிவாவது கிளையாவது, கடவுளே முடிச்சுப் போட்ட பிறகு நாம யாரு தம்பி?

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பொண்ணு வண்டி ஏறணும்னு நான் விரட்டிக்கிட்டு இருக்கேன். அவ மாலையும் கழுத்துமா என் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போறா. கண்ணுல தண்ணி நிக்குது. 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க போன் விஷயம். சொல்லாம போனா எனக்குச் சோறு இறங்காதுப்பா'ங்கிறா. நான் வாட்ச்சைப் பாத்தேன். நேரமாச்சும்மா, ஏறு, அப்புறம் சொல்லலாம்னு ஏத்தி விட்டுட்டேன். வண்டி நகர்ற வரைக்கும் ஜன்னல் வழியா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் விசில் அடிக்கிற மாதிரி கையைக் காட்டினேன், போ போன்னு. வண்டி திரும்பின பிறகு மண்டபத்துப் பின்னாடி போய் நின்னு அழுதேன். அம்மாடி, அப்படி ஒரு அழுகை.

இப்ப எண்ணை நானேதான் போட்டுக்கிறேன். ஒரு கடைக்காரன், 'ஏன் சார் தினமும் கஷ்டப்படுறீங்க, அந்தப் பூட்டை எடுத்து விட்டுரட்டுமா, ஒரு நிமிஷ வேலை'ன்னான். கையை வச்சே பாருன்னேன். எம் பொண்ணு போட்டது, அது இருக்கட்டும். ராகு காலம் முடியும், போன் எண் கேக்கும், ரெண்டு மூணு ஒண்ணு ஒண்ணுன்னு போடுவேன். அவ வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போன மாதிரி இருக்கும் தம்பி. வீடு ரொம்ப வெறிச்சுன்னு கிடக்கு.

அவ இன்னும் அந்த விஷயத்தைச் சொல்லல. போன்ல ரெண்டு தடவை ஆரம்பிச்சா. ஒரு தடவை குக்கர் விசில் அடிச்சுச்சு, நானே அணைக்கப் போயிட்டேன். இன்னொரு தடவை எமகண்டம். நேத்து ராத்திரி, 'நாளைக்கு நீங்க வரும்போது நேர்ல சொல்லிருவேன், நீங்க கேட்டே ஆகணும்'னுட்டா. சீனியம்மாவும் காலையில வாசல் வரைக்கும் வந்து, 'பிள்ளை சொல்றதைப் பொறுமையாக் கேளுங்க, அவ மனசுல கிடந்து அரிக்குது, சொல்லித் தொலைச்சாத்தான் நிம்மதி'ங்கிறா. இவளுக்கு எப்படித் தெரியும்? நானும் யோசிக்கிறேன், யோசிக்கிறேன், ஒண்ணும் பிடிபடல. என்னவா இருக்கும்ங்கிறீக?

என்ன தம்பி சிரிக்கிறீக? முழுசாக் கேட்டீகல்ல, நீங்க படிச்ச பிள்ளை, இந்தப் போன் விஷயமெல்லாம் தெரிஞ்ச பிள்ளை. உங்களுக்கு ஏதோ தெரியுது. வாயைத் திறக்குறீக, மூடுறீக. சொல்லுங்க, எதுன்னாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க...

இருங்க, இருங்க! மணி என்ன? ஒண்ணு இருபத்தெட்டா? சொல்லாதீக. ரெண்டு நிமிஷம் இருக்குதான், ஆனா ரெண்டு நிமிஷம் முன்னாடி கிளப்பி விடுறதுதான் என் வழக்கம். இந்தா, ஏரோப்ளேன் ஏறியாச்சு. மூணு மணிக்கு மேல தாராளமாச் சொல்லுங்க.

அடடா, நீங்க திருமங்கலத்துல இறங்குற ஆளுல்ல? மூணு மணிக்கு இருக்க மாட்டீகளே. சரி, விடுங்க. இன்னொரு மிட்டாய் எடுத்துக்கோங்க.